டெல்மர் அண்ணனின் லைசென்ஸ்

என் அண்ணன் டெல்மருக்கு வயது ஐம்பத்து மூன்று. நான்கு வருஷமாகக் காதலிக்கிறான். நான்கு வருஷமாக வண்டி ஓட்டுவது அவன் தங்கை நான். காதலி ஓபல் இருப்பது நாற்பது மைல் தள்ளி, எங்கள் பக்கமோ பஸ் என்ற பேச்சே கிடையாது. சனிக்கிழமைதோறும் மீன் சாப்பாட்டுக் கடையில் வறுத்த கெளுத்திக்கு மூவரும் ஒரே மேஜையில் உட்காருவோம். அவன் ஆசையாக ஏதாவது சொல்ல வாய் திறந்தால் நான் கோஸ் சாலட்டை முறைத்துக்கொண்டிருப்பேன். என் தலையெழுத்து!

இத்தனைக்கும் வண்டியில் அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. குளத்தங்கரையில் தூண்டில் போட்டபடி கஞ்சா பிடித்தான், ஷெரீஃபின் போலீஸ்காரன் பார்த்துவிட்டான், அவ்வளவுதான். கஞ்சாவுக்கும் ஸ்டியரிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கோர்ட்டிலேயே கேட்டேன். சட்டம் அப்படி என்றார் நீதிபதி. லைசென்ஸ் போயிற்று.

இந்த வசந்தத்தில்தான் சட்டசபைக்குப் புத்தி வந்தது. வண்டி ஓட்டுவதோடு சம்பந்தமில்லாத குற்றத்துக்கு லைசென்ஸைப் பிடுங்கக் கூடாதென்று திருத்திவிட்டார்கள். டெல்மர் என்னை இழுத்து வைத்து சமையலறையில் ஆடினான். பழைய லைசென்ஸ் காலாவதியானதால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டுமாம். தேறினால் அன்றைக்கே தனியாகப் போய் ஓபலைக் கல்யாணத்துக்குக் கேட்பானாம். தனியாக என்பதை மூன்று தடவை சொன்னான்.

தேர்வன்று பெயரைக் கூப்பிட்டதும் கம்பீரமாக நடந்தான். நேராகப் போய், நான்கு வருஷப் பழக்கத்தில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி பெல்ட்டும் மாட்டிக்கொண்டான். தேர்வு நடத்தும் அம்மாள் காகிதத்தோடு வெளியே நின்றாள்.

"சார், அப்ப நான் ஓட்டணுமா?"

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. காது சிவக்க இடம் மாறினான், தேறியும் விட்டான். என்னை வீட்டில் இறக்கிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்தான்.

அன்று சனிக்கிழமை. விட்டது தொல்லை என்று நாற்காலியில் சாய்ந்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஐந்து மணிக்கெல்லாம் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒருவாய் சாப்பிடப் பிடிக்கவில்லை.

இருட்டும் முன் வாசலில் ஹாரன் அலறியது. பிக்கப் வண்டியின் நீள இருக்கையில், நடுவில் ஓபல் உட்கார்ந்திருந்தாள். டெல்மர் முகம் தொங்கியிருந்தது.

"கேட்டுட்டேன் வெர்னா. பதில் சொல்ல மாட்டேங்கிறா."

"நாலு வருஷமா மூணு பேராத்தானே சாப்பிட்டோம்," என்றாள் ஓபல். "நீயும் ஏறு, மீன் கடையில வெச்சுச் சொல்றேன்."

அவள் கண்ணைப் பார்த்ததுமே பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். ஓடிப்போய், ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

அங்கே டெல்மர் உட்கார்ந்திருந்தான்.

"அந்தப் பக்கம் வா, வெர்னா," என்றான். "இனிமே நான் கூட்டிட்டுப் போறேன்."