முதலில் பார்க்க வேண்டும்

மூத்தவனை ஆப்பரேஷன் செய்துதான் எடுத்தார்கள். எனக்கு மயக்கம் தெளிவதற்குள் மாமியார் அவன் வாயில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்துவிட்டார். சிராங்கூன் ரோட்டில் பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டார்கள். கடைசியில் பார்த்தவள் நான்.

அறுபத்திரண்டாம் வருஷம் மறுபடி கர்ப்பம். டாக்டர் சொன்னதை நர்ஸ் மிஸ்ஸி தமிழில் சொன்னார்: "சுகப்பிரசவத்துக்குப் பார்க்கலாம்மா. ஆனா பழைய தையல் பிரிஞ்சா ரெண்டு உயிருக்கும் ஆபத்து."

"வேணாம் லா, ஆப்பரேஷனே பண்ணிக்க," என்றார் கணவர்.

"இல்லங்க, நானே பெத்துக்கிறேன்."

காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. இந்தப் பிள்ளையை முதலில் நான் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறந்தாள். அழவில்லை. மிஸ்ஸி அவளைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். எனக்குப் பயம். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

அவள் வீறிட்டதும், "கண்ணத் திறந்து பாருங்கம்மா," என்றார் மிஸ்ஸி.

முதலில் பார்ப்பதற்காகத்தான் அவள் உயிரைப் பணயம் வைத்தேன். அந்த அறையில் அவளைக் கடைசியில் பார்த்தவளும் நான்தான்.