கேமரா பார்க்காத கோல்

ரோசில்டா மேடம் இறந்துபோன செய்தி வந்தபோது நான் அஜ்மானில் ஒரு கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடுவதைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். மதிய வேளை. பையில் போன் அதிர்ந்தது. சுனிதா. நாகர்கோவில்காரர், புஜைராவில் நர்ஸ், நம் வெள்ளிக்கிழமை ஆட்டங்களின் கோல்கீப்பர். "ஜாஃபர் பாய், ரோசா மிஸ் போயிட்டாங்க. ஷார்ஜா ஆஸ்பத்திரியில. காலையிலயே போயிட்டாங்களாம், எனக்கு இப்பதான் சொன்னாங்க." மாப்பிள்ளையின் மாமா கேமராவைப் பார்த்துக் கையசைத்தார். அவரையும் எடுத்தேன். பிழைப்பு அப்படி இருக்கிறது.

இதைப் படிக்கிற உங்களில் பலர் புஜைரா மணலில் அவர் முன்னால் ஓடியவர்கள். சிலர் துபாய் சேனலில் எங்களோடு வேலை பார்த்தவர்கள். பிரேசில்காரர், ஒரு காலத்தில் அந்த ஊரில் பெண்கள் கால்பந்து ஆடியவர், பிறகு விளையாட்டுச் செய்தியாளர் ஆனவர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். அவரைப் பற்றி வேறு எங்கும் எதுவும் இல்லை என்பது இந்த வாரம்தான் எனக்கு உறைத்தது.

சேனலில் அவர் சேர்ந்த புதிதில் கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நான் காயல்பட்டினத்துக்காரன். எங்கள் ஊரில் பந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். அந்தத் திமிரில் கேட்டேன்: "நீங்களே ஆடியிருக்கீங்களாமே மேடம், எந்த அளவுக்கு?" அவர் மேசையிலிருந்த சர்க்கரைப் பொட்டலங்களை எடுத்து வரிசையாக வைத்தார். அவை தடுப்பாட்டக்காரர்கள். கரண்டி கோல்கீப்பர். அவருடைய மாநிலத்தின் இறுதி ஆட்டம், கொட்டுகிற மழை, இடது ஓரத்தில் பந்து கிடைக்கிறது. பொட்டலம் பொட்டலமாகக் கடந்து வந்து, இடது காலால், தரையோடு ஒட்டி ஓர் அடி. கரண்டி மேசையிலிருந்து கீழே விழுந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் ஒன்றுமில்லை. ஆண்கள் ஆட்டம் முதலில் நடந்தது. அது முடிந்ததும் கேமராக்காரர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கேமரா பார்க்காத கோல், கோல் இல்லை ஜாஃபர்."

அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல. நடுவில் யல்லா, கலாஸ், ஜல்தி என்று போட்டு ஒட்டிக்கொள்வோம். அந்த ஆங்கிலத்தில் அன்றே சண்டை போட்டேன். எங்கள் பெரியப்பா அடித்த கோலை எந்தக் கேமரா பார்த்தது, இன்றைக்கும் ஊரில் பேசுகிறார்களே என்றேன். "உன் ஊரில் பேச ஆள் இருக்கிறார்கள்" என்றார். அதோடு டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

முட்டி போன பிறகு அவர் உள்ளூர் வானொலியில் சேர்ந்ததும், பத்திரிகையாளர் மாடத்தில் 'நீ யாருடைய மனைவி' என்று கேட்கப்பட்டதும், கடைசியில் வளைகுடாவுக்கு வந்ததும் அந்த ஒரு கோலினால்தான். யாராவது ஒருத்தி அப்படி அடிக்கும்போது தான் அங்கே கேமராவோடு நிற்க வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். பிடிவாதம் மட்டும் ரொம்ப அதிகம். ஒருமுறை ஒரு பயிற்சியாளரிடம் கேள்வி கேட்டார். அந்த ஆள் பக்கத்திலிருந்த ஆண் நிருபரைப் பார்த்துப் பதில் சொன்னார். மேடம் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். மறுபடியும் பதில் அந்தப் பக்கமே போனது. மறுபடியும் கேட்டார். கூட்டம் நெளிந்தது. நான் கேமராவை நிறுத்தப் போனேன். "ஓடட்டும். என்னைப் பார்த்துச் சொல்லும்வரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை" என்றார். கடைசியில் அந்த ஆள் அவரைப் பார்த்துச் சொன்னார்.

புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பின்னாலிருந்த மணல்வெளியை அவரிடம் சொன்னது சுனிதாதான். வெள்ளிக்கிழமைகளில் நர்சுகள், பியூட்டி பார்லர் பெண்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள் என்று நம் ஆட்களும் இலங்கை, பிலிப்பைன்ஸ், எத்தியோப்பியப் பெண்களும் அங்கே கூடி ஆடினார்கள். மேடம் அதைப் பார்த்த நாளில் ஆட்டம் முடியும்வரை கோட்டுக்கு வெளியே நின்றார். படமெடுக்கலாமா என்று கேட்டதும் பாதிப் பேர் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டார்கள். விசா கொடுத்த முதலாளியான கஃபீல் பார்த்தால் விசாவே போய்விடும். வீட்டில் கடைக்குப் போவதாக, சர்ச்சுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

அப்படித்தான் எங்கள் சேனலின் அந்த வாராந்தர நிகழ்ச்சி உருவானது. முட்டிக்குக் கீழே மட்டும் எடுப்பது என்று மேடம் முடிவு செய்தார். "முகம் வேண்டாம். ஆட்டக்காரியின் கையெழுத்து காலில்தான் இருக்கிறது." நான் மணலில் குப்புறப் படுத்துக்கொண்டு கால்களை எடுத்தேன். ஊரில் என் மனைவி பார்த்துவிட்டு, "பொம்பளைங்க காலப் படம் புடிக்கத்தான் துபாய் போனியளா?" என்று கேட்டதை மேடத்திடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். நிறுத்த முடியாமல் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்தக் காலத்தில்தான்.

ஜெசிந்தாவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மன்னார்ப் பெண். மகளைத் தாயிடம் விட்டுவிட்டு புஜைராவில் ஒரு வீட்டில் வேலைக்கு வந்தவள். வெள்ளிக்கிழமை பூசைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருவாள். வெறுங்காலோடு ஆடுவாள். வெயிலில் மணல் கொதிக்கும், அவள் பாட்டுக்கு ஓடுவாள். மேடம் பொறுக்க மாட்டாமல் துபாயிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிவந்து அவள் காலில் தானே மாட்டிவிட்டார். "இவ்வளவு வடிவான சப்பாத்து எனக்கு ஆரும் தந்ததில்ல மிஸ்" என்று அவள் சொன்னதை நான்தான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அதற்கடுத்த வாரம் அவள் அடித்தாள். இடது ஓரத்தில் பந்து கிடைத்தது. ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தியைத் தாண்டினாள், மூன்றாவது ஆள் வழுக்கி விழுந்தாள். தரையோடு ஒட்டி இடது காலால் ஓர் அடி. சுனிதா பாய்ந்தும் பயனில்லை. "பூட்ஸை எடு ஜாஃபர், பூட்ஸை எடு" என்று மேடம் என் தலைக்கு மேல் நின்று கத்திக்கொண்டிருந்தார். எடுத்தேன். பந்து புறப்பட்ட இடத்திலிருந்து வலையைத் தொட்டது வரை ஒன்றுகூடத் தவறவில்லை. அவர் மணலில் உட்கார்ந்து அழுதார். சர்க்கரைப் பொட்டலக் கோல் எனக்கு அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

நிகழ்ச்சி வெளியான பிறகு ஜெசிந்தா வேலை பார்த்த வீட்டு மகள் அதை போனில் பார்த்திருக்கிறாள். முகம் இல்லை. ஆனால் அந்த ஆரஞ்சு பூட்ஸ் அவர்கள் சமையலறைப் பின்வாசலில்தானே கிடந்தது. அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "சர்ச்சில் பந்து விளையாடுவார்களா?" என்று ஒரே கேள்வி. கலாஸ், முடிந்தது. அந்த வாரமே விசாவை ரத்து செய்து விமானம் ஏற்றிவிட்டார்கள். ஏர்போர்ட்டிலிருந்து குரல் செய்தி அனுப்பியிருந்தாள்: "மிஸ், என்னை அனுப்பீனம். சப்பாத்தைக் கொண்டுபோக விடேல்ல."

எங்களைப் போன்ற பந்துப் பைத்தியங்கள்தான் இப்படி ஒரு தவறு செய்ய முடியும். தூரத்தில் ஓடுகிற காலைப் பார்த்தே ஆள் யார் என்று சொல்கிறவர்கள் நாங்கள். அப்படிப்பட்டவர்கள் முகத்தை மறைத்துவிட்டால் ஆளை மறைத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் மேடம் அலுவலகத்துக்கு வந்து எல்லா நிகழ்ச்சிகளையும் அழிக்க ஆரம்பித்தார். வெளியிட்டவற்றை மட்டுமல்ல, டிஸ்கில் இருந்த மூலப் படங்களையும். "ஜெசிந்தாவை அனுப்பிட்டாங்க. இனிமே அழிச்சு என்ன ஆகப்போகுது மேடம்? அந்த ஒண்ணையாவது வைங்க" என்று கெஞ்சினேன். "மற்றவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். அவளோடு ஓடுகிற கால்கள் அவர்களுடையவை" என்றார். ஜெசிந்தாவின் கோலைக் கடைசியாக வைத்திருந்தார். ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு அதையும் அழித்தார். "இனி அவள் அடித்ததும் கோல் இல்லை" என்றார். அன்றைக்கு நான் சண்டை போடவில்லை.

அதன்பிறகு அவர் புஜைரா பக்கம் போகவே இல்லை. எந்த ஆண் ஆட்டக்காரர் எந்த அணிக்கு மாறுகிறார் என்று நாள் முழுக்க எழுதிக்கொண்டிருந்தார். சேனல் சுருங்கி, பிறகு மூடப்பட்டது. நான் கல்யாணங்களுக்குப் போனேன். அவர் ஷார்ஜாவில் ஒற்றை அறையில் இருந்தார். வயிற்றில் கட்டி வந்த பிறகு ஒருநாள், ஜெசிந்தாவோடு பேச வேண்டும் என்றார். சுனிதா எப்படியோ எண்ணைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். "என்னை மன்னிச்சிரு தங்கச்சி" என்பதை என்னிடம் கேட்டுக் கேட்டுப் பழகினார். போனில் அதைப் பிழையில்லாமல் சொன்னார். ஜெசிந்தா, "ஐயோ மிஸ், அதெல்லாம் முடிஞ்ச கதை. இப்ப பந்து ஒண்டும் இல்ல. தையல் ஃபேக்டரியில நிக்கிறன்" என்றாள்.

"என்ன சொன்னாள்?"

சொன்னேன்.

"பந்து இல்லையா?"

"இல்லை மேடம்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவரை மன்னித்ததாக அவள் சொன்னாளா இல்லையா என்பதை அவர் கேட்கவே இல்லை.

அவர் இறந்த மறுநாள் ஒரு செய்தித் தளத்திலிருந்து ஒரு பையன் பேசினான். சென்னைக்காரன், மரியாதையானவன். "அண்ணா, மேடம் பிளேயர்னு சொல்றீங்க. ஒரு போட்டோவோ கிளிப்போ இருந்தா குடுங்க. நெட்ல தேடிட்டேன், ஒண்ணுமே வரல. ஆதாரம் இல்லாம போட்டா எடிட்டர் எடுத்துருவார்." அவன்மேல் கோபம் வந்தது. என்ன செய்ய, அவன் சொன்னதில் தப்பில்லை. மூத்த விளையாட்டுச் செய்தியாளர் காலமானார் என்று சின்னதாகப் போட்டார்கள். அவர் பந்தைத் தொட்டார் என்பதற்கு ஒரு வரிகூட அதில் இல்லை. உடலைப் பெட்டியில் வைத்துப் பிரேசிலுக்கு அனுப்பியபோது உடனிருந்தது சுனிதாவும் நானும் பழைய அலுவலக டிரைவரும்தான்.

ஜெசிந்தாவுக்கும் தகவல் அனுப்பியிருந்தேன். சாயங்காலம் கூப்பிட்டாள். கொஞ்சம் அழுதாள். பிறகு கேட்டாள்: "அண்ணே, அந்த வீடியோ உங்களிட்ட கிடக்கோ? மகள் பள்ளிக்கூடத்தில பந்து விளையாடுறாள். நான் புஜைராவில கோல் அடிச்சனான் எண்டு சொன்னா சிரிக்கிறாள்."

"இல்லம்மா. மேடம் எல்லாத்தையும் அழிச்சுட்டாங்க."

"ஓ. சரி அண்ணே. அப்ப அவள் நம்பமாட்டாள்."

குறையாகச் சொல்லவில்லை. மழை வராது என்று சொல்வதுபோலச் சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை. "போன அவகிட்ட குடு, நான் சொல்றேன்" என்றேன். அந்தப் பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இடது ஓரம், வழுக்கி விழுந்தவள், ஆரஞ்சு பூட்ஸ், தரையோடு ஒட்டிய அடி, சுனிதாவின் வீண் பாய்ச்சல். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நீங்க ஆரு மாமா?"

"நான்தான்மா அதைப் படம் எடுத்தவன்."

"அப்ப படம் எங்க?"

மேடத்தோடு எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறேன், கேமரா பார்க்காவிட்டாலும் கோல் கோல்தான் என்று. அந்தப் பிள்ளையோடு என்னால் சண்டை போட முடியவில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை இரண்டு கோல்கள். ஒன்று நான் பார்க்காத மழையில், சர்க்கரைப் பொட்டலங்களுக்கு நடுவே. இன்னொன்று புஜைரா மணலில், என் கண் முன்னால். யாராவது காட்டச் சொன்னால் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை.