விட்டுப்போன ஒரு சொல்

"நான்கு வேதமும் கரைத்துக் குடித்த டாக்டர் விஜயராணி" என்று பாராட்டு விழா மைக்கில் சொன்னதும், வேறு யாரோ வரப்போகிறார்கள் என்று விஜயராணி திரும்பிப் பார்த்தாள். புக்கிட் காத்தில் ஊர்க் கோயில் மண்டபமே அவளைப் பார்த்துத்தான் கைதட்டியது.

அவள் படித்தது ரிக்குமில்லை, யஜுருமில்லை. ஜாசின் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள், கோலாலம்பூருக்கு வரலாறு படிக்கப் போய்ப் பழைய கிரேக்க மொழியில் மாட்டிக்கொண்டாள். பிறகு லண்டன். ஆதிக் கிறிஸ்தவர்களின் வேத ஏடுகளைக் கையால் படியெடுத்தவர்கள் எங்கே ஒரு சொல்லை விட்டார்கள், எங்கே சேர்த்தார்கள் என்று பார்ப்பதுதான் இன்றைக்கு அவளுக்குச் சோறு போடும் வேலை. டாக்டர் பட்டம் வாங்கித் தந்தது, சீடன் ஒருவன் தன் குருவையே தெரியாது என்று சொல்லிவிடும் பகுதி. அங்கே சில ஏடுகளில் உள்ள சொற்கள் வேறு சிலவற்றில் இல்லை. தெரிந்தே விட்டார்களா, தெரியாமல் விட்டார்களா என்று வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டாள். மதம் மட்டும் மாறவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு லண்டனிலும் எரிகிறது.

பக்கத்தில் இருந்த அப்பா தம்புசாமியிடம் குனிந்தாள்.

"அப்பா, நான் படிச்சது கிறிஸ்தவ வேதம்னு இவங்ககிட்ட சொல்லலையா?"

"வேதம்னு சொன்னேன்மா."

"முன்னால ஒரு சொல் இருக்கே, மறந்துட்டீங்களா?"

"தெரிஞ்சுதான் விட்டேன். அதச் சொன்னா, பொண்ணு வேதத்துல சேர்ந்துட்டா, மதம் மாறிட்டான்னு பேசுவாங்க லா. கமிட்டில நான் எப்படி மூஞ்சியக் காட்டுறது? ரெண்டு வார்த்த பேசிட்டு இறங்கிடு."

அவள் எழுந்து மைக்கிடம் போனாள். ஆனாலும் மைக்கின் முன்னால் பொய் வரவில்லை.

"நான் ஆராய்ச்சி பண்றது கிறிஸ்தவ வேதம்ங்க. படிக்கத்தான் செய்றேன், சேரல."

பொன்னாடையை விரித்துக்கொண்டு நின்ற கோயில் கமிட்டித் தலைவர் புவனேந்திரன் அதைத் திரும்ப மடிக்கத் தொடங்கினார்.

"என்ன தம்புசாமி அண்ணே, இது உங்களுக்குத் தெரியுமா?"

அப்பா எழுந்தார். தனக்காகப் பேசத்தான் எழுகிறார் என்று நினைத்தாள், பைத்தியக்காரி. அவர் சன்னதிப் பக்கம் கையைக் காட்டினார்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

விஜயராணி மைக்கைப் பிடித்தபடியே நின்றாள். அந்த வரியை எத்தனையோ ஏடுகளில் எழுத்தெழுத்தாகப் பார்த்திருக்கிறாள். கேட்டுக்கொண்டு நின்ற குருவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று மட்டும் ஒருநாளும் யோசித்ததில்லை.