நான் நகர்த்திய நெம்புகோல்

ஒரு நல்ல விமானியின் வாழ்வை நான் பொய் சொல்லி அழித்தேன். தவறுதலாக அல்ல. திட்டமிட்டு... ரசித்து!

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் என்னை மன்னிப்பதற்காக அல்ல. என் கோபம் நியாயமானது என்று நீங்களாவது அறிவதற்காக.

நான் திருச்செங்கோட்டுக்காரி. அப்பா ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருந்தார். சேலத்துக்கு அருகே நான் விமானப் பயிற்சி பெற்றபோது, ராசிபுரத்துச் சரவணன் என்னோடு படித்தான். ஒருநாள் இருவரும் சேர்ந்து பறந்துவிட்டுத் தரையிறங்கினோம். விமானம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இறக்கையின் பின்னால் நீளும் மடிப்புகளை, அதாவது ஃபிளாப்பை, ஏற்ற வேண்டியவன், பக்கத்திலிருந்த சக்கர நெம்புகோலை இழுத்துவிட்டான். சக்கரங்கள் மடங்கின. விமானம் வயிற்றால் ஓடுதளத்தைத் தேய்த்துக்கொண்டு போய் நின்றது.

விசாரணையில் அவன் என்னைக் கைகாட்டினான்.

"பொம்பளப் புள்ள... பதட்டத்துல மாத்திப் புடிச்சிருக்கும்" என்றார் தலைமைப் பயிற்சியாளர். என்னை வெளியேற்றினார்கள். அதையும் பொறுத்திருப்பேன். ஊர் திரும்பும் வழியில் அப்பா சொன்னார்: "நீயே பண்ணியிருந்தாலும் உடு சாமி. உசுரு தப்புச்சே, அது போதும்."

நீயே பண்ணியிருந்தாலும்! பெற்றவரே என்னை நம்பவில்லை...

வேறிடத்தில் மறுபடி முதலிலிருந்து படித்தேன். விமானியானேன், பிற விமானிகளின் திறனைச் சோதிக்கும் பரிசோதகரும் ஆனேன். பெங்களூரில், தரையிலேயே பறக்கும் அனுபவத்தைத் தரும் சிமுலேட்டர் அறையில், கேப்டன் பதவிக்கான தேர்வுக்கு ஒருநாள் வந்து நின்றவன் யார் தெரியுமா? அவனேதான்!

"நம்மூரு ஆளே பரிசோதகருங்களா! நல்லதாப் போச்சுங்க" என்று சிரித்தான். பழையதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அந்த அறையை நீங்கள் பார்த்தால் மிரண்டுபோவீர்கள். தலைக்கு மேலே, கண்ணுக்கு எதிரே, இரு இருக்கைகளுக்கும் நடுவே... எங்கும் விசைகள், திரைகள். ஆனால் ஒவ்வொன்றும் மனிதன் தவறுவான் என்று எதிர்பார்த்தே வடிவமைக்கப்பட்டது. சக்கர நெம்புகோலின் முனை சக்கரம் போல உருண்டை. ஃபிளாப் நெம்புகோலின் முனை இறக்கை போலத் தட்டை. பார்க்காமலேயே கை அறிந்துகொள்ளும். ஃபிளாப் நெம்புகோல் படிப்படியாகத்தான் நகரும். நடுவே ஒரு தடை பிடித்து நிறுத்தும்; தூக்கி நகர்த்தினால்தான் தாண்டும்.

இத்தனை காவலும் விமானிக்குத்தான். பின்னால் அமர்ந்திருக்கும் பரிசோதகருக்கு என்ன காவல்?

அந்தச் சுற்றில் விமானத்தை ஓட்டியவர் இன்னொருவர். அவர் சொல்லச் சொல்ல விசைகளை இயக்குவது சரவணனின் வேலை. மேலெழுந்ததும் அவர் கேட்டபடி ஃபிளாப்பைச் சரியாக ஒரு படி ஏற்றினான். நான் பார்த்தேன்! அதே கணம், சோதனைக்காகக் கோளாறுகளை வரவழைக்கும் என் திரையில் ஒன்றைத் தொட்டேன். மடிப்புகள் முழுதாக உள்ளே போய், விமானத்தைத் தாங்கும் விசை குறைந்தது. எச்சரிக்கை அலறியது. தரை எங்களை நோக்கிப் பாய்ந்து வந்தது... சிமுலேட்டர் அப்படியே உறைந்து நின்றது.

இருவரும் அதிர்ந்து முன்னால் வெறித்திருக்க, நான் குனிந்து ஃபிளாப் நெம்புகோலைக் கடைசிப் படிக்குத் தள்ளினேன்.

"பாருங்க... ஒரேயடியா ஏத்திட்டீங்க."

"இல்லீங்க மேடம்! ஒரு படிதானுங்க... தடையத் தாண்டிப் போகாதுங்களே!"

"பதட்டத்துல தாண்டியிருக்கும்."

"நான் முன்னாடி பாத்துட்டிருந்தேங்க, கவனிக்கல" என்றார் ஓட்டியவர்.

சரவணன் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். சிமுலேட்டரின் பதிவைப் போட்டுக் காட்டும்படி கேட்க அவனுக்கு உரிமை இருந்தது. கேட்கவில்லை. தன் கையையே சந்தேகித்துவிட்டான்! அந்தப் பார்வைக்காகத்தான் நான் அத்தனை ஆண்டுகள் காத்திருந்தேன். இனித்தது... மறைப்பானேன், இன்றும் இனிக்கிறது.

அன்று தோற்றான். மறுதேர்வில், வேறொரு பரிசோதகர் முன்னால், நெம்புகோலைத் தொடத் தயங்கித் தானாகவே தோற்றான். பிறகு பறப்பதையே விட்டுவிட்டு ஊரில் கோழிப்பண்ணை வைத்தான்.

சென்ற பொங்கலுக்கு நான் ஊரில் இருந்தபோது மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். அப்பாவின் முன்னால் கைகூப்பினான்.

"அன்னைக்கு அந்த லீவர இழுத்தது நானுங்க. பழிய உங்க புள்ள மேல போட்டேன். அந்தப் பாவந்தானுங்க... கடைசீல என் கையே என்னயக் கவுத்துருச்சு."

அப்பா என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அப்பன மன்னிச்சுரு சாமி... உன்ன நம்பாமப் போயிட்டனே!"

நான் வேண்டியதெல்லாம் ஒரே காலையில் கிடைத்துவிட்டது. உங்கள் கை தவறவில்லை, நெம்புகோலை நகர்த்தியவள் நான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடும் என்ற அச்சமா? அப்பா முகம் மாறிவிடும் என்ற நடுக்கமா? இல்லை... அவன் இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்ற ஆசையா?

"பரவால்லீங்க, உடுங்க" என்றேன். மன்னித்தேன்... நான், அவனை!

வழியனுப்ப வாசலுக்குப் போனேன். காரின் ஓட்டுநர் இருக்கையில் அவன் மனைவி அமர்ந்தாள். நான் பார்ப்பதைக் கவனித்தவள், "இவருங்களா? வண்டியத் தொடறதே இல்லீங்க. கியரு மாத்தவே பயப்படறாரு" என்றாள்.

அவன் பின்னிருக்கையில் ஏறி, கைகளை மடியில் கோத்துக்கொண்டான். "போயிட்டு வாரேனுங்க" என்றான்.

கார் தெருமுனை திரும்பும்வரை நின்றிருந்தேன்... வாயைத் திறக்காமல்.