கேட்க மட்டும்

ஒருவர் பிழைத்திருக்கிறாரா என்று விசாரிப்பதும் அவரைப் பிழைக்க வைப்பதும் ஒரே ஆள் செய்யக்கூடாத வேலைகளா? நடையக்காவுக்கு இந்தக் கேள்வி செருப்புக்குள் விழுந்த கல்லாக உறுத்திக்கொண்டே இருந்தது.

போனில் பேசும்போது அவளால் உட்கார முடியாது. அதனால்தான் அந்தப் பெயர். மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்களை ஒரு வருடம்வரை அவ்வப்போது அழைத்து, எப்படி இருக்கிறார்கள், மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று கேட்பது அவள் வேலை. நாடு முழுவதும் சேரும் இந்தப் பதில்களை வைத்துத்தான் சிகிச்சை முன்னேறுகிறதா என்று கணக்கிட்டார்கள். முன்னேறித்தான் இருந்தது. அவள் சேர்ந்த காலத்தில் அடைப்பைக் கரைக்க ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள்; இப்போது வந்த வேகத்தில் அடைப்பை நீக்கி, ரத்தக்குழாய் திறந்தே இருக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் இறப்பவர்கள் வருடா வருடம் குறைந்தார்கள். வீட்டுக்குப் போன பிறகு இறப்பவர்கள் அவ்வளவாகக் குறையவில்லை.

விதி ஒன்றுதான்: கேட்கலாம், புத்தி சொல்லக்கூடாது.

ஒரு நாள், ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதமே ஆன தையல்காரர் ஒருவர் போனை எடுத்தார்.

"மாத்திரையா? நிறுத்தி ஒரு வாரமாச்சும்மா. வயிறு எரியுது. இப்ப குதிரை மாதிரி இருக்கேன்."

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"நல்லா இருக்கிறவன் டாக்டர்கிட்ட என்னத்தக் கேக்கிறது? உங்க வீட்டுக்காரர் அளவைச் சொல்லுங்க, சட்டை தச்சுத் தரேன்."

பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இப்படிக் குதிரையாக இருந்த சிலரை அவள் மறுமுறை அழைத்தபோது, மனைவியோ மகனோதான் பேசியிருக்கிறார்கள். நன்றி சொல்லிவிட்டு வைத்தாள்.

வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தாள்.

"கால்ல வெந்நீரக் கொட்டிக்கிட்டியா? ஒரு இடத்துல உக்காரேன்," என்றான் கணவன்.

"உக்காந்தா அந்த மெஷின் சத்தம் கேக்குது."

மறுநாள் மேற்பார்வையாளரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். "சார், அவர்கிட்ட சொல்லிரட்டுமா?"

"நீ சொன்னா அவர் பொழைப்பார், சரி. சொல்ல ஆளில்லாத ஆயிரம் பேர் என்ன ஆகறாங்கன்னு, நீ சொல்லித் திருத்தினவங்கள வச்சு எப்படித் தெரியும்? அப்புறம் அது நாட்டோட கணக்கில்ல, உன்னோட கணக்கு."

அவர் சொன்னதில் தவறில்லை. அதுதான் தொல்லை.

அன்று மாலையே அவள் அழைத்தாள். "ஐயா, நான் கேக்கறதுக்குப் பேசல. இன்னிக்கே டாக்டரப் பாருங்க. அந்த மாத்திரைய விட்டா ஸ்டென்ட் அடைச்சுக்கும். வயித்தெரிச்சலுக்கு அவர் வேற வழி சொல்வார்."

மெஷின் நின்றது. "என்னம்மா, பயமுறுத்தற?"

"ஆமா. பயப்படுங்க."

"பாக்கலாம், பாக்கலாம்," என்று வைத்துவிட்டார்.

அவளைத் துணிச்சல்காரி என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அவளால் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். செய்ததைத் தானே போய்ச் சொன்னாள். நன்றாகத் திட்டு வாங்கினாள். தையல்காரரைக் கணக்கிலிருந்து நீக்கினார்கள்.

அவருக்கு ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் முடிந்தபோது, திட்டிய அதே மேற்பார்வையாளர் அவள் மேஜைக்கு வந்தார். "அவர்தான் இப்ப நம்ம கணக்குலயே இல்லையே. தாராளமாப் பேசு. உனக்கும் ஒரு நிம்மதி."

எண் அவளுக்கு மனப்பாடம். தலையாட்டிவிட்டு எழுந்து, நடந்துகொண்டே வேறொருவரை அழைத்தாள். தையல்காரரை அவள் அன்றும் அழைக்கவில்லை, பிறகும் அழைக்கவில்லை. ஏனென்று யாரிடமும் சொன்னதுமில்லை.