வேலாயுதம் அண்ணன் ஊத மறுத்த சங்கு

முந்தாநாள் காலை ஹட்டன் பஸ் நிலையத்தில் அரிசி மூட்டையோடு நின்றபோதுதான் செய்தி வந்தது. எங்கள் தோட்டத்து லொறி டிரைவர் இறங்கி வந்து, "ஐயா, வேலாயுதம் அண்ணே விடியக்காலம் தவறிட்டாருங்க" என்றார். மூட்டையைக் கடையில் போட்டுவிட்டு அதே லொறியில் ஏறினேன். நெஞ்சு வலியை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாராம். வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் இஞ்சின் அறையில் வேலை பார்த்தவர் அவர். நான் அங்கே கொழுந்து நிறுக்கும் கிளாக்கர். எங்கள் சனங்களுக்குப் பிரஜாவுரிமை பறிபோன வருடம் தொழிற்சாலைச் சங்கு அவர் பொறுப்புக்கு வந்தது. விடியலில் ஆட்கள் கூடும் பெரட்டுக்கு, மத்தியானம் கொழுந்து நிறுக்க, சாயங்காலம் வேலை விட என்று மலை முழுக்கக் கேட்க ஊதுவார். விடியற்காலையில் அவரை ஏசாத வாய் கிடையாது. "தோட்டத்துக்கே மாமியார் நான்தாங்க" என்று சிரிப்பார்.

ஆபத்துக்கும் அதே சங்குதான். தனியாக மணியோ ஒலிபெருக்கியோ கிடையாது. நேரம் தவறி ஊதினாலும் எங்கள் சனங்கள் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்குத்தான் ஓடுவார்கள். கால்கள் அப்படிப் பழகிவிட்டன.

பெருமழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளத்து வீட்டு வரிசையான பணிய லயத்துக்கு மேலே மண் பிளந்து கிடப்பதை அண்ணன் பார்த்துவிட்டார். இருவரும் வீடு வீடாகப் போய் மேட்டுக்கு வரச் சொன்னோம். "இந்த மழையில கைப்புள்ளைய வச்சுக்கிட்டு எங்கங்க போறது?" என்று முனியாண்டி கதவைச் சாத்தினான். மற்றவர்களும் அசையவில்லை. தோட்டத்தை நடத்தும் துரை கொழும்பில் இருந்தார். நான் பதறிப்போய், "சங்கை ஊதுங்கண்ணே" என்றேன்.

"ஊதுனா பெரட்டுக்களத்துக்கு ஓடுவாங்க. அது அந்த மண்ணுக்கு நேர் கீழங்க ஐயா. நான் ஊத மாட்டேன்."

நேரே தப்படிக்கும் கருப்பையாவிடம் போனார். சாவுத் தப்பு கேட்டால் மழையானாலும் பகையானாலும் குடும்பத்தோடு அந்த வீட்டுக்குப் போய் நிற்பது எங்கள் தோட்டத்து வழக்கம்.

"யாரு வீட்டுக்குண்ணே?" என்றார் கருப்பையா.

"என் வீட்டுக்குத்தான். நான் செத்துட்டேன்னு சொல்லு."

கருப்பையா தப்பைக் கீழே வைத்தார். "சாவு விழாத வெறும் வீட்டுக்கு அடிச்சா சாவு ஆளத் தேடி வரும்ணே."

"அதுக்குத்தான் என் வீட்டைச் சொல்றேன். வேற யாரு வீட்டைச் சொல்லச் சொல்ற?"

அவர் வீடு மேட்டு லயத்தில் இருந்தது. தப்பு கேட்டதும் பணிய லயமே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஒப்பாரியோடு ஏறி வந்தது. வாசலில் அண்ணன் உயிரோடு நிற்பதைப் பார்த்துச் சிலர் ஏச வாயெடுத்தார்கள். அதற்குள் கீழே மண் சரிந்து, லயமும் பெரட்டுக்களமும் புதைந்தன. ஆட்கள் அத்தனை பேரும் மேலே நின்றிருந்தார்கள்.

அடுத்த மாசியில் அண்ணனின் ஒரே மகன் காய்ச்சலில் இறந்தான். "அன்னைக்கு அடிச்ச தப்புதான்" என்று பிழைத்தவர்களே முணுமுணுத்தார்கள். அந்த நன்றிகெட்ட பேச்சின் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அண்ணன் கோபப்படவில்லை. "அவங்க சொல்றதத்தாங்க நானும் நெனைக்கிறேன்" என்றார். அவர் மனைவி மீனாட்சி அண்ணி அன்றோடு அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். சோறு போடுவார், வேட்டி துவைப்பார், ஒரு வார்த்தை வராது. இத்தனை வருடமும் அந்த வீட்டில் அப்படித்தான் கழிந்தது.

நேற்று பாடை தூக்கும் நேரத்தில், கொள்ளி வைப்பது யார் என்று கேட்டார்கள். கூட்டத்தின் பின்னால் இருந்து, அன்று கதவைச் சாத்திய முனியாண்டி வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, மொட்டை போடத் தலையைக் குனிந்து உட்கார்ந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

அண்ணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணனின் முகத்தருகே குனிந்தார்.

"ஏங்க, புள்ள வந்துட்டான். கண்ணத் தெறந்து பாருங்க."

அண்ணே, அண்ணி பேசிவிட்டார். போய் வாருங்கள்.