உரசிக்கொண்டே ஓடிய பிரேக்

எங்கள் சூப்பர்வைசர் மேல் எனக்கு ஏழெட்டு வருட ஆத்திரம். நாங்கள் லிஃப்ட் பழுது பார்க்கிறவர்கள். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் அடிப்பதற்கென்று ஒரு அவசர போன் உண்டு. வாரத்துக்கு ஒருவர் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. எங்களோடு வேலை பார்க்கும் என் தங்கை வீட்டுக்காரர் முதல் மணியிலேயே எடுப்பார். அதனாலேயே அவர் சட்டைப் பையில் அதைக் குடிவைத்துவிட்டார் சூப்பர்வைசர். நன்றாக வேலை செய்கிறவன் தலையில்தான் எல்லாம் விடியும்.

குளிக்கும்போதும் மாப்பிள்ளை அதை சோப்புப் பெட்டி பக்கத்தில் வைத்திருப்பார். அடிக்காத நாளிலும் காது அங்கேதான் இருக்கும்.

போகப்போக ஆள் மாறினார். எப்போதும் உடம்பு வலி, அசதி. வேலைக்குப் போகிற வேனையே பேசிச் சிரிக்க வைத்துக் குலுக்கியவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“அண்ணே, சாப்பாடு வெச்சா தட்டையே பாத்துட்டு இருக்காரு. சண்டைகூடப் போட மாட்டேங்கறாரு. எனக்குப் பயமா இருக்கு” என்றாள் தங்கை.

எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். அடம்பிடிக்கிற லிஃப்டை ஒரு தடவை அணைத்துத் திரும்பப் போடுவோம். பாதி அதிலேயே சரியாகிவிடும். மாப்பிள்ளைக்கும் அப்படியே பதினைந்து நாள் லீவு. திரும்பி வந்த காலையிலேயே, ஏதோ பரிசு கொடுக்கிற மாதிரி, சூப்பர்வைசர் போனை அவர் கையில் வைத்தார்.

அது அடித்தது. மாப்பிள்ளை எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். நான் வாங்கிப் பேசினேன்.

“திமிரைப் பாரு” என்றார் சூப்பர்வைசர்.

மாப்பிள்ளையை நேரே மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். ரத்தம் எடுத்தார்கள், நிறையக் கேள்வி கேட்டார்கள்.

“இது மனச்சோர்வு” என்றார் டாக்டரம்மா. “வருஷக்கணக்கா உடம்பு உஷாராவே இருந்தா, நம்மளக் காப்பாத்த வேண்டிய எதிர்ப்புச் சக்தி அடங்காமப் போகலாம். உங்க ரத்தத்துல அழற்சி கூடியிருக்கு. அது மூளை வரைக்கும் போய் தூக்கம், ஆசை, தெம்பு எல்லாத்தையும் அமுக்கலாம். எல்லாருக்கும் இப்படித்தான்னு சொல்ல மாட்டேன். ரத்தத்தை மட்டும் பாத்தும் முடிவு கட்ட முடியாது.”

மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி கேட்டார். “பிரேக் முழுசா விடாம, உரசிட்டே ஓடினா சூடாகுமே, அது மாதிரியா?”

“கிட்டத்தட்ட.”

“அப்ப மோட்டார் மேல தப்பில்ல.”

டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேச ஒருவரிடம் அனுப்பினார். நான் சூப்பர்வைசரிடம் போய், அவர் காதில் நன்றாக விழும்படி சத்தம் போட்டு, போனுக்கு முறை போட வைத்தேன். இப்போது போன் எல்லார் வீட்டுக்கும் போகிறது, மாப்பிள்ளை வீட்டைத் தவிர.

சட்டென்று ஒன்றும் மாறிவிடவில்லை. சில மாதம் கழித்துத் தங்கை சந்தோஷமாகக் கூப்பிட்டாள். “அண்ணே, உப்பு இல்லைன்னு திட்டறாரு.” ஆனாலும் சில நாள் காலையில் அவரால் கட்டிலை விட்டு எழ முடிவதில்லை. போன வாரம் முழுக்க அப்படித்தான்.

நேற்று வேனிலிருந்து இறங்கும்போது என் கையைப் பிடித்தார்.

“மச்சான், வியாழக்கிழமை டாக்டரம்மாகிட்ட போறேன். நீங்களும் உள்ள வாங்க.”

“நான் எதுக்கு மாப்ள? ஊசி போட்டா அழுவீங்களா?”

“எப்படி இருக்கீங்கன்னு கேப்பாங்க. பழக்கதோஷத்துல நல்லா இருக்கேன்னு சொல்லிடுவேன். நீங்க இல்லைன்னு சொல்லுங்க.”